தபசு மரத்தின் கீழே இருவர்

அர்ஜுனன் தபசு ஏறும் நாளில் பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு தபசு மரத்தைச் சுற்றி மணலில் குப்புறப் படுக்க வேண்டும். எங்கள் ஊர் தர்மராஜா கோயிலில் அதுதான் வழக்கம். பனைமரம் ஒன்றை வெட்டி நட்டு, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பரண் கட்டியிருப்பார்கள். அர்ஜுனன் வேஷம் கட்டியவர் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடி மேலே ஏறுவார். சிவனிடம் அஸ்திரம் வாங்கப் போகிறார் என்பது கதை. உச்சிக்குப் போனதும், மடியில் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழங்களையும் பூவையும் விபூதிப் பொட்டலங்களையும் கீழே வீசுவார். சங்கு ஊதியதும் பெண்கள் மண்டியிட்டு முந்தானையை ஏந்துவார்கள். பழம் யாருக்கு விழுகிறதோ அவள் அதை அங்கேயே தின்றுவிட்டால் அடுத்த திருவிழாவுக்குக் கைக்குழந்தையோடு வருவாள் என்று நம்பிக்கை.

நானும் அப்படிப் படுத்தவள்தான். ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். அன்றைக்கு என் பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருந்தாள். அவள் அங்கே படுத்திருக்கக் கூடாது என்று ஊர் சொன்னது. அதிலிருந்து வந்ததெல்லாம் எங்கள் இரண்டு வீடுகளையும் ஒரு வழி பண்ணிவிட்டது.

நான் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். அப்போது அது சித்தூர் ஜில்லா. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் கங்கம்மா ஜாத்திரை பெரிது. கூழும் வேப்பிலையும் மாவிளக்குமாக ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கல்யாணமாகி, கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டிறங்கி, கிழக்கே ஏரிக்குப் போகும் வண்டிப்பாதையில் வந்தால் என் மாமியார் ஊர். இன்றைக்கு உருக்காலைகள் நிற்கிற அந்தப் பக்கமெல்லாம் அப்போது கழனிதான். இங்கே நடக்கும் பாரதத் திருவிழா எனக்குப் புதிது. பகலில் பாரதம் படிப்பார்கள். ஒரு நாள் பகாசுரனுக்கு வண்டி கட்டிச் சோறு போகும். கடைசி நாளில் களத்துமேட்டில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து, பீமன் வேஷக்காரர் அவன் தொடையை உடைப்பார். வந்த முதல் வருஷம், அந்த மண்பொம்மையைச் சுற்றி ஊர்ப் பெண்கள் மாரடித்து அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், யார் செத்துப்போனது என்று என் ஓரகத்தியைக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள். எனக்கு வருஷங்கள் போயும் இல்லை. என் மாமியார் கொடுமைக்காரி இல்லை. என்னை அடித்ததில்லை, சோற்றைக் குறைத்ததில்லை. ஆனால் தன் தம்பி மகளைப் பற்றி அடிக்கடி பேச ஆரம்பித்திருந்தாள். அந்தப் பெண் எப்படிக் கோலம் போடுகிறாள், எப்படி மாடு கறக்கிறாள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போவாள். இரண்டாந்தாரம் கட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அதையெல்லாம் யாரும் சட்டை செய்யவில்லை. என் கணவர் அதிகம் பேசாதவர். அம்மா பேசும்போது சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். தலையை ஆட்டவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

எங்கள் மாட்டுக்கொட்டகையின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. அவர் நெல் வாங்கி மதராசுக்கு அனுப்புவார். முன்பக்கம் கருவாடும் கயிறும் துணியும் விற்கிற கடை. அவருடைய அம்மாவும் அண்ணன்மாரும் பழவேற்காட்டில். இங்கே அவரும் மனைவியும் மட்டும். அவள் என்னைவிடச் சின்னவள். தெருப்பக்கம் வரமாட்டாள். வேலியில் கோவைக்கொடி படராத ஒரு இடம் உண்டு. அங்கே நின்று இரண்டு பேரும் பேசுவோம். அவள் என்னை அக்கா என்பாள். அவளுக்கு இரண்டு முறை தங்கி, தங்கி, கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இல்லை.

"உங்க ஊட்லயாச்சும் சட்டம்னு ஒண்ணு சொல்லலாம்," என்றாள் ஒரு நாள். "எங்க மாமி வாயத் தொறந்தா போதும்க்கா, எங்க ஊட்ல இன்னொருத்தி வந்து குந்திக்குவா."

முந்தின வருஷம் அவள் என்னைத் தர்காவுக்குக் கூட்டிப்போயிருந்தாள். கந்தூரி சமயம். சந்தனக்கூடு வந்து நின்றபோது நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் போய், அங்கே மயிலிறகால் ஓதிவிடுகிறவரிடம் என்னைக் காட்டி, "இவங்களுக்கும்" என்றாள். அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தலையில் மயிலிறகை வைத்து ஓதி, சர்க்கரையும் சந்தனமும் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் குழந்தைக்கு மாந்தம் என்றால், காய்ச்சல் என்றால், தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாத வீடு இல்லை. அதனால் அதில் யாருக்கும் தவறு தெரியவில்லை.

அந்த வருஷம் என் கணவர் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். பிள்ளைக்காக என்று அவர் சொல்லவில்லை. மாமியார்தான் ஊரெல்லாம் சொன்னாள். நானும் விரதம் இருந்து தபசு மரத்தடியில் படுக்கப் போவதாக முடிவாயிற்று. வேலியடியில் இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் கொடியைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வந்து படுக்கட்டுமாக்கா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"உங்க ஊட்ல தெரிஞ்சா?"

"அவுரு மதராசுக்குப் போறாரு. வர நாளாவும். ஈரப் பொடவையில தலையோட மூடிக்கினு படுத்துக்குறவங்கள யாரு உத்துப் பாக்கப் போறாங்க? நீ பக்கத்துல இருந்தா போதும்."

வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் கேட்கவில்லை; வேலிக்கு வந்து நின்று அழுதாள். பழவேற்காட்டிலிருந்து மாமியார் ஆள் அனுப்பி, பெருநாள் கழிந்ததும் பெண் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் சரி என்று சொன்னேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. என்னிடம் இருந்த பயமேதான் அவளிடமும் இருந்தது. அதற்கு முகத்தில் அடித்தாற்போல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

தபசு நாளன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலி வழியாகக் கொட்டகைக்குள் வந்தாள். என்னுடைய மஞ்சள் புடவை ஒன்றைக் கட்டிவிட்டேன். கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றாமல் உள்ளே தள்ளிக்கொண்டாள். காதிலிருந்த அலுக்கத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முடிந்துவைத்தாள். முகத்துக்கு மஞ்சள் பூசினேன். குங்குமச் செப்பை எடுத்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அது மட்டும் வேணாங்க்கா. நான் வர்றது கேக்கறதுக்கு. மனசுல எங்க ஓதலதான் ஓதிக்கினு இருப்பேன்."

குளத்தில் முழுகினால் எல்லோருடைய குங்குமமும் கரைந்துதான் போகும் என்று செப்பை மூடிவைத்தேன்.

கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். குளத்தில் முழுகி எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு, ஈரத்தோடு வரிசையாகப் போய்ப் படுத்தோம். மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. நெற்றியை மணலில் வைத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பிக்கொண்டு கிடக்க வேண்டும். பேசக் கூடாது. மேலே பாட்டு, மத்தளம், ஒவ்வொரு கட்டைக்கும் கூட்டத்தின் கோவிந்தா. பாட்டு நின்று நின்று போயிற்று. புடவை உடம்பிலேயே காய்ந்து, உப்புப்போல விறைத்தது. பக்கத்தில் அவள் உதடுகள் மணலில் அசைவது மட்டும் கேட்டது. நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைத்தால், பிள்ளையைக் கேட்டதைவிட, இது யாருக்கும் தெரியாமல் முடியட்டும் என்று கேட்டதுதான் அதிகம்.

சங்கு ஊதியது. எல்லோரும் மண்டியிட்டோம். மேலே பரணில் அர்ஜுனன் வேஷக்காரர் வெயிலுக்கு எதிரே கறுப்பாகத் தெரிந்தார். முதலில் பூ. பிறகு விபூதி. பிறகு பழம். எனக்கு முன்னால் ஒருத்தி முந்தானையிலும் தொலைவில் ஒருத்தி முந்தானையிலும் விழுந்தன. கூச்சல். அடுத்த பழம் எனக்கு நேராக வந்தது; நான் முந்தானையை விரித்துச் சாய்ந்தேன்; காற்றோ என்னவோ, அது என் தோளில் பட்டு அவள் மடிக்குள் உருண்டது.

அவள் குனிந்து எடுத்தாள். அந்த அவசரத்தில் முக்காடு நழுவி விழுந்துவிட்டது.

பெண்களுக்கு மஞ்சள்தண்ணீர் தெளிக்கும் வேலை என் ஓரகத்திக்கு. சொம்போடு எங்கள் எதிரிலேயே நின்றிருந்தாள். அவள் பார்த்தது காதை. எங்கள் பெண்களுக்கு அந்தக் காது இருக்காது. மடல் நெடுக வரிசையாகக் குத்திய துளைகள், தோடு கழற்றினாலும் மறையாது.

"ஐயோ, இது கடக்காரரு ஊட்டுப் பொண்ணு," என்றாள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

எல்லாம் ஒன்றாக நடந்தது. பெண்கள் எழுந்து விலகினார்கள். யாரோ பழத்தை வாங்கு, வாங்கு என்றார்கள். பூசாரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் பழத்தைக் கடித்துவிட்டாள். தோலும் கொட்டையுமாக, கண்ணில் தண்ணீர் வழிய, மண்டியிட்டபடியே முழுப் பழத்தையும் மென்று விழுங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் அவளைத் தொடத் துணிவு வரவில்லை. நான் முக்காட்டை எடுத்துப் போட்டு, தோளைப் பிடித்து எழுப்பி, கழனி வழியாக அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்தப் பழம் எனக்கு வந்தது என்ற நினைப்பு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியாரும் அதையேதான் சொன்னாள்.

"உன் மேல பட்டுப் போச்சாமே. உனுக்கு வந்தத எடுத்து அவ மடியில போட்டுட்டு வந்துட்டியே."

அன்று மாலை தபசு மரத்தடி மணலைப் புரட்டி, கோமியமும் மஞ்சள்நீரும் தெளித்தார்கள். தெளித்தவர்களில் ஒருவர், முந்தின மாதம்தான் தன் பேரனுக்குத் தர்காவில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் கயிறு அன்றைக்கும் குழந்தை இடுப்பில் இருந்தது.

கடைக்காரருக்கு யாரோ சொல்லி அனுப்ப, மதராசிலிருந்து மறுநாளே வந்துவிட்டார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை. அன்றைக்கு நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது வேலியடிக்கு வந்து நின்றார். கோபமாக இல்லை. தூங்காத முகம்.

"தங்கச்சி, ஒரு வார்த்த கேக்கணும். அவளா வந்தாளா, நீ கூட்டிக்கினு போனியா?"

கையில் சாணியோடு நின்றேன். அவளாக வந்தாள் என்றால், அவர் அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும். நான் கூட்டிப்போனேன் என்றால் என் வீட்டுக்கு என்ன வரும் என்றும் தெரியும். கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று எனக்கு ஏனோ தோன்றியது.

"நான்தாண்ணே கூட்டிக்கினு போனேன். அது வேணாம் வேணான்னுதான் சொல்லிச்சு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாளில் பழவேற்காட்டிலிருந்து அவர் அம்மா கூண்டு வண்டியில் வந்தாள். அங்கே பெரியவர்கள் கூடிப் பேசி, அறியாமல் ஒருத்தி பேச்சைக் கேட்டுப் போய்விட்டாள் என்று மன்னிப்புக் கேட்கவைத்து, அவளை அழைத்துப்போவதென்று முடிவு செய்திருந்தார்கள். வண்டி ஏறும்போது அவள் வேலிப்பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

நான் சொன்ன சொல் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது. கோயில் மண்டபத்தில் நாட்டாண்மைக்காரர் என் கணவரை நிற்கவைத்துப் பேசினார். நாங்கள் பெண்கள் தள்ளி நின்றோம்.

"அந்தம்மா அறியாதது. உன் பொண்டாட்டி ஊர்க் கோயில்ல இன்னா நெனச்சிக்கினு கூட்டியாந்தா? நீ காப்ப அவுத்துடு. இந்த வருசம் உன் ஊட்லேர்ந்து யாரும் தீயில எறங்க வேணாம்."

என் கணவர் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். நான் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"நெசமா?" என்றார்.

"இல்ல. அதுதான் வரேன்னு சொல்லிச்சு. நான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"நெசத்தச் சொன்னா அத ஊட்ல வச்சிக்க மாட்டாங்க."

மாடு குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். "இத யார்கிட்டயும் சொல்லாத," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பூசாரி காப்பை அவிழ்க்க வந்தார். அவரும் சங்கடப்பட்டுக்கொண்டுதான் வந்தார். என் கணவர் கையை நீட்டவில்லை. "கட்டனது நீ. தீமிதி முடிஞ்சதும் நீயே அவுத்துவுடு," என்றார். பூசாரி, மாமியார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

தீமிதி அன்று காலையில் துரியோதனனை உடைத்தார்கள். ஊர்ப் பெண்கள் எப்போதும்போல அழுதார்கள். அன்றைக்கு நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பெரிய வசதியாக இருந்தது.

சாயங்காலம் குழியைக் கிளறிப் பரப்பினார்கள். காப்புக் கட்டியவர்கள் குளத்திலிருந்து ஈர வேட்டியோடு வந்தார்கள். என் கணவரும் வந்தார். குழிவாசலில் இரண்டு பேர் குறுக்கே கையை நீட்டினார்கள். அவர் சண்டை போடவில்லை. ஓரமாக விலகி நின்றார். பூங்கரகம் இறங்கியது, பிறகு ஒவ்வொருவராக. மேளம் காதைப் பிளந்தது. எல்லோரும் இறங்கி முடிந்ததும் அக்கரையில் கால் நனைக்க வைத்திருந்த பால்குழியை மூடிவிட்டு, சாமியோடு கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்தது. சாம்பல் எடுக்கக் காத்திருந்த பெண்கள் மட்டும் நின்றோம். அப்போது அவர் இறங்கினார்.

மேளம் இல்லை, கோவிந்தா இல்லை. குழியில் அத்தனை பேர் நடந்து நடந்து நெருப்பு அங்கங்கே கட்டி கட்டியாகக் கிடந்தது. அவர் ஓடவில்லை. கழனியில் வரப்பு மேல் நடப்பதைப்போல நடந்தார். பாதிக்கு மேல் முகம் மாறியது. நான் ஓட முடியாமல் நின்றுவிட்டேன். என் மாமியார்தான் ஓடினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை யாரிடமோ பிடுங்கிக்கொண்டு குழியின் மறுகரைக்கு ஓடி, மகன் காலை வைத்த இடத்திலெல்லாம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே நாட்டாண்மைக்காரர் வீட்டு வம்சத்தையே திட்டினாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு பாதமும் வெந்துவிட்டது. சாமி தண்டித்தது என்று சிலர் சொன்னார்கள். பால்குழி இல்லாமல் இறங்கினால் யாருக்கும் சுடும் என்று சிலர் சொன்னார்கள். அவரால் ஆடி வரைக்கும் சேற்றில் கால் வைக்க முடியவில்லை. அந்தப் பருவத்தின் ஏர் வேலை முழுவதையும் அண்ணன்தான் இழுத்தார். தேங்காய்எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் குழைத்து நான் தடவும்போது ஒரு நாள் ஓரகத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் போட்டுக் குடுக்கணும்னு சொல்லல மே. காதப் பாத்ததும் வாய்ல வந்துடுச்சி. அதுக்கப்புறம் உள்ள இழுக்க முடியல."

தெரியும் என்றேன். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி அவள் தடவ ஆரம்பித்தாள். அவள்மேல் எனக்கு இருந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு ஒரே அடுப்பில் சமைக்க முடிந்தது.

தம்பி மகளைப் பற்றி மாமியார் அப்புறம் வெகுகாலம் பேசவில்லை. ஒருமுறை அவள் பேச்செடுத்தபோது என் கணவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து, "அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாக்கச் சொல்லு," என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அடுப்பங்கரையில் நின்று அதைக் கேட்டேன். அதற்கப்புறம் அவரிடம் எனக்குப் பயம் இல்லை.

அடுத்த வருஷமும் என்னைத் தபசு மரத்தடியில் படுக்கச் சொன்னார்கள். நாட்டாண்மைக்காரரே சொல்லியனுப்பினார், ஊர் சமாதானமாகிவிட்டதாக அர்த்தம். படுத்தேன். அந்த முறை பழம் என் முந்தானை நடுவில் விழுந்தது. தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. என் கணவர் மறுபடி காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் கழனியில் வேலை இருக்கிறது என்றார்.

கடைக்காரர் எங்கள் ஊர்க் கடையை மூடிக்கொண்டு பழவேற்காட்டோடு போய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து, கருவாடு விற்க வருகிற பெண் ஒருத்தி சொல்லித்தான், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பது தெரிந்தது. எங்கள் ஊரில் அது எலுமிச்சம்பழம் என்றார்கள். பழவேற்காட்டில் அது தர்கா நேர்ச்சை என்றார்களாம். பழத்துக்கும் பிறப்புக்கும் நடுவில் எவ்வளவு காலம் போயிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் மாமியார் மட்டும் அதைக் கேட்ட அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போனால் என்ன மரியாதை கிடைக்கும் என்று பயமாகவும் இருந்தது. அந்த வீட்டில் நான்தானே அவளைக் கெடுத்தவள். கணவரிடம் சொன்னேன். ஒரு நாள் காலையில் அவரே படகுக்காரரிடம் பேசிவைத்துவிட்டு வந்து, "கெளம்பு," என்றார்.

ஏரியில் தண்ணீர் குறைந்த காலம். படகைக் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பழவேற்காட்டில் என் கணவர் கரையிலேயே கடைக்காரரோடு நின்றுவிட்டார். நான் மட்டும் வீட்டுக்குள் போனேன். அவள் மாமியார் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டி, வெற்றிலை மென்ற வாய். யார் என்று தெரிந்ததும் ஊஞ்சல் நின்றது. பாயைக் காட்டினாள். டீ வந்தது. நான் கொண்டுபோன வெல்லத்தையும் அவலையும் பக்கத்தில் வைத்தேன். அதை அவள் தொடவில்லை.

பிறகு அவள் குழந்தையோடு வந்தாள். உடம்பு பூசியிருந்தது. காது நெடுக அலுக்கத்துகள் அசைந்தன. "வாங்கக்கா," என்று சொல்லி, குழந்தையை நேராக என் மடியில் வைத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. மாமியார் முன்னால் நாங்கள் பேசக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. ஊரில் மழை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். மாடு கன்று போட்டதா என்று கேட்டாள். போட்டது என்றேன்.

பிறகு அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"மாமி, இவங்க கூப்ட்டு நான் போகல. நான்தான் அழுது இவங்க கூடப் போனேன். என்னக் காப்பாத்தறதுக்கு இவங்க அப்பிடிச் சொன்னாங்க. இவங்க ஊட்டுக்காரு காலு வெந்தது என்னாலதான்."

இத்தனை காலம் ஒளித்துவைத்ததை இப்போது எதற்குச் சொல்கிறாள் என்று இருந்தது. கிழவி வெற்றிலையைத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் அவளையே பார்த்தோம்.

"அன்னிக்கி வண்டியில வரும்போதே உன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கினேன். அடுத்தவ இழுத்துக்கினு போனா மூஞ்சி அப்பிடி இருக்காது. நான் கேட்டிருந்தா நீ நெசத்தச் சொல்லியிருப்ப. அப்புறம் நாலு பேரு முன்னாடி நானும் நெசத்தத்தான் பேசணும். அதான் கேக்கல." பிறகு என்னைப் பார்த்தாள். "உனுக்கு ஒண்ணும் இல்லியா இன்னும்?"

இல்லை என்றேன்.

அவள் நான் கொண்டுபோன அவலில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மருமகளிடம் எனக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் குழந்தையைத் தானே வைத்துக்கொண்டு ஊஞ்சலில் ஆடினாள்.

திரும்பும்போது மருமகள் வாசல்படி வரைக்கும்தான் வர முடிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். தெருவில் ஆள் வர, உள்ளே போய்விட்டாள். அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி. அவர்கள் குடும்பத்தோடு வியாபாரத்துக்காக மதராசுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

படகில் என் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்ததைச் சொன்னேன். அந்தம்மாவுக்கு முதலிலேயே தெரியுமாம் என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஊருக்கு மட்டுந்தான் தெரியல," என்றார்.

சொல்லலாமா என்று கேட்டேன். ஓரகத்திக்காவது, மாமியாருக்காவது. அவர் படகுக்காரரைப் பார்த்தார். அவர் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் பேஜாரு. வுடு. நம்ம மேலயே இருக்கட்டும்."

படகு கரை தட்டும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கறவை நேரம் தப்பிவிடும் என்று இருவரும் வேகமாக நடந்தோம்.